சிறு பயணப் படகுகளின் பாதுகாப்புக் கருவிகளும் தனியுரிமையும்

ஒருவரோ இருவரோ, ஒரு சிறு குடும்பமோ தாமே செலுத்திக்கொண்டு நாடு விட்டு நாடு செல்லும் பாய்மரப் படகுகளும் இயந்திரப் படகுகளும் சிறு பயணப் படகுகள் எனப்படுகின்றன. இவை பெரும்பாலும் 8 முதல் 15 மீட்டர் நீளம் கொண்டவை. இவற்றில் இன்று வானொலி, ஜி.பி.எஸ்., அபாய அறிவிப்புக் கருவி, ஏ.ஐ.எஸ். எனப்படும் தானியங்கி அடையாள அமைப்பு ஆகியவை சாதாரணமாகக் காணப்படுகின்றன. இவற்றுள் பல, படகு இருக்கும் இடத்தைப் பிறருக்குத் தெரிவிப்பதற்காகவே உருவானவை. யாருக்கு, எப்போது, எந்த அளவுக்குத் தெரிவிப்பது என்ற கேள்வி ஒவ்வொரு கருவியோடும் சேர்ந்தே வந்தது. கடந்த அரை நூற்றாண்டில் அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகள் பலமுறை மாறின. சில முறை உயிரிழப்புக்குப் பிறகே மாறின.

வானொலி மௌனத்தின் காலம்

1968-இல் லண்டன் 'சண்டே டைம்ஸ்' இதழ், துணையின்றி எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிவரும் 'கோல்டன் குளோப்' போட்டியை அறிவித்தது. ஒன்பது பேர் புறப்பட்டனர்; முடித்தவர் ஒருவர் மட்டுமே. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற அந்த ஆங்கிலேயரின் படகு 32 அடி நீளமுள்ள 'சுஹைலி'. மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. (சுஹைலி என்பது பாரசீக வளைகுடா மாலுமிகள் தென்கிழக்குக் காற்றுக்கு வைத்த பெயர்.) 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய அவருடைய வானொலி வழியில் பழுதாகிவிட்டது. நவம்பரில் நியூசிலாந்துக் கரையோரம் அவரைப் பார்த்தவர்கள் உண்டு. அதன்பின் 1969 ஏப்ரலில் அட்லாண்டிக்கில் ஓர் எண்ணெய்க் கப்பல் அவரைக் காணும் வரை, நான்கு மாதங்களுக்கு மேல் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே யாருக்கும் தெரியாது. 312 நாள் பயணத்துக்குப் பிறகு ஏப்ரல் 22 அன்று அவர் கரை சேர்ந்தார்.

அதே போட்டியில் கலந்துகொண்ட பிரெஞ்சுக்காரர் பெர்னார் முவாத்தெஸ்ஸியே, வானொலியே வேண்டாம் என்று மறுத்துவிட்டவர். செய்தி சொல்ல வேண்டியிருந்தால் ஒரு டப்பாவில் கடிதத்தை அடைத்து, உண்டிவில்லால் எதிரே வரும் கப்பலின் மேல்தளத்துக்கு அடித்துவிடுவார். போட்டியிலிருந்து விலகித் தொடர்ந்து கிழக்கு நோக்கிப் போகிறேன் என்ற முடிவைக்கூட 1969 மார்ச்சில் கேப் டவுன் அருகே இப்படித்தான் தெரிவித்தார்.

மூன்றாமவர் டொனால்ட் குரோஹர்ஸ்ட். அவரிடம் வானொலி இருந்தது. படகு ஒழுகத் தொடங்கியதும் தென்பெருங்கடலுக்குள் போகத் துணியாமல் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, பொய்யான இடங்களை வானொலியில் அறிவித்தார். பின்னர் பல வாரம் வாய் திறக்கவில்லை. 1969 ஜூலை 10 அன்று அவருடைய 'டெய்ன்மவுத் எலக்ட்ரான்' ஆளின்றி மிதந்துகொண்டிருந்தது. உள்ளே கிடைத்த பயணப் பதிவேடுகளிலிருந்துதான் உண்மை வெளிவந்தது.

அக்காலத்துக் கடல் இந்த மூவருக்கும் ஒரே மறைவைத்தான் கொடுத்தது. ஒருவருக்கு அது தற்செயல், ஒருவருக்கு விருப்பம், இன்னொருவருக்குப் பொய்க்கான திரை. கரையில் இருந்த குடும்பங்களுக்கோ மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. தனியுரிமை பற்றிப் பேசும்போது படகில் இருப்பவரை மட்டும் நினைத்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அழுத்தினால் மட்டும் பேசும் கருவி

1979 ஆகஸ்டில் அயர்லாந்துக்குத் தெற்கே ஃபாஸ்ட்நெட் பாய்மரப் போட்டி பெரும்புயலில் சிக்கியது. புறப்பட்ட 303 படகுகளில் சென்ற போட்டியாளர்களில் 15 பேர் இறந்தனர். அப்போது பல படகுகளில் உதவி கேட்க வானொலியே இல்லை. போட்டிப் படகுகளில் வி.எச்.எஃப். வானொலி கட்டாயமாக்கப்பட்டது அதன் பிறகுதான்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகள் பனிப்போரின் நடுவிலும் கூடி, செயற்கைக்கோள் வழியாக அபாய ஒலியைப் பிடிக்கும் 'கோஸ்பாஸ்-சார்சாட்' திட்டத்தை உருவாக்கின. முதல் செயற்கைக்கோளான 'காஸ்மோஸ் 1383' 1982 ஜூனில் ஏவப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழுந்த ஒரு சிறு விமானத்தில் இருந்த மூவர் இதன் உதவியால் காப்பாற்றப்பட்டனர்.

படகுகளில் வைக்கப்படும் இவ்வகைக் கருவி ஈ.பி.ஐ.ஆர்.பி. எனப்படுகிறது. தொடக்ககாலக் கருவிகள் 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வெறும் ஒலியை மட்டும் அனுப்பின. யாருடைய படகு என்று தெரியாது. பின்னர் வந்த 406 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. வாங்குபவர் தம் பெயர், படகின் விவரம், கரையில் தொடர்புகொள்ள வேண்டியவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தம் நாட்டு அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் பழைய 121.5 ஒலியைக் கேட்பதை நிறுத்திவிட்டன.

தனியுரிமை நோக்கில் இது மிகவும் சாதுவான கருவி. பொத்தானை அழுத்தும் வரை அல்லது நீரில் மூழ்கித் தானே இயங்கும் வரை அது யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. பதிவு செய்த விவரங்களும் மீட்புப் பணியில் உள்ளவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். பதிவு செய்யத் தயங்கும் படகுக்காரர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வரும் அபாய ஒலிகளில் பெரும்பாலானவை தவறுதலாக எழுபவை. பதிவில் தொலைபேசி எண் இருந்தால் ஒரே அழைப்பில் உண்மை தெரிந்துவிடும். இல்லாவிட்டால் விமானத்தை அனுப்புவதா என்று யோசிப்பதிலேயே நேரம் போகும்.

அருகில் இருந்தும் தெரியாமல்

அபாயக் கருவி விபத்துக்குப் பிறகு உதவுவது. விபத்தே நேராமல் இருக்கச் சிறு படகு பெரிய கப்பலின் கண்ணில் பட வேண்டும். அது தோன்றுவதுபோல் எளிதன்று. கண்ணாடியிழையும் மரமும் ராடார் அலைகளை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும். அலைகளின் எதிரொலிக்கு நடுவே சிறு படகின் புள்ளி மறைந்துபோகும். அதனால்தான் பாய்மரத்தின் உயரத்தில் உலோக எதிரொளிப்பான் ஒன்றைத் தொங்கவிடும் வழக்கம் வந்தது.

2006 ஆகஸ்ட் 20 இரவு 'ஊஸோ' என்ற சுமார் 8 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு இங்கிலாந்தின் வைட் தீவிலிருந்து மூன்று பேருடன் கிளம்பியது. அந்த மூவரின் உடல்களும் பின்னர் கடலில் கண்டெடுக்கப்பட்டன. படகு கிடைக்கவேயில்லை. அன்றிரவு அவ்வழியே சென்ற 'பிரைட் ஆஃப் பில்பாவ்' என்ற பயணிகள் கப்பல் படகின்மீது மோதியிருக்கலாம், அல்லது மிக நெருங்கிச் சென்று அதன் அலையால் மூழ்கடித்திருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2007-இல் முடிவு செய்தது. பணியில் இருந்த அதிகாரி மீதான வழக்கில் அவர் குற்றவாளி அல்லர் என விடுவிக்கப்பட்டார். படகின் எதிரொளிப்பான் போதிய பலன் தந்திருக்காது என்பது விசாரணையில் தெரியவந்தது. அதையொட்டி நடந்த சோதனையில், கடைகளில் விற்கப்பட்ட மெல்லிய குழாய் வடிவ எதிரொளிப்பான்கள் பயனற்றவை எனத் தெரிந்தது. விலை மலிவு, மாட்டுவதும் எளிது என்பதால் பலர் வாங்கியவை அவைதாம்.

ஏ.ஐ.எஸ்.: தானே பெயர் சொல்லும் படகு

ராடார் ஒரு புள்ளியைத்தான் காட்டும். அது யார் என்று சொல்லாது. இந்தக் குறையைத் தீர்க்க வந்தது ஏ.ஐ.எஸ். ஜி.பி.எஸ். தரும் இடத்தையும் வேகத்தையும் திசையையும் ஒவ்வொரு கப்பலும் வி.எச்.எஃப். அலையில் தானாகவே ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். இதற்கென 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரு நிமிடம் 2,250 சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கப்பலும் அடுத்துத் தான் பேசப்போகும் கூற்றை முன்கூட்டியே அறிவித்துக்கொள்ளும். ஆசிரியர் இல்லாத வகுப்பில் பிள்ளைகளே முறை வைத்து வருகை சொல்வதைப் போன்றது இது. இம்முறையை வகுத்ததில் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஹோகன் லான்ஸின் பங்கு முதன்மையானது.

சர்வதேசப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும் ஏ.ஐ.எஸ். வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2000-இல் விதித்தது. 2004 இறுதிக்குள் அது நடைமுறைக்கு வந்தது. சிறு படகுகள் இந்த விதிக்குள் வரவில்லை. அவற்றுக்காக 'பி வகுப்பு' என்ற எளிய கருவியின் தரவரையறை 2006-இல் வெளியானது. பெரிய கப்பலின் கருவி 12.5 வாட் ஆற்றலில், ஓடும்போது சில நொடிகளுக்கு ஒருமுறை பேசும். முதலில் வந்த பி வகுப்புக் கருவி 2 வாட்டில், 30 நொடிகளுக்கு ஒருமுறை பேசும். படகு நின்றிருந்தால் 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான். அதுவும் பெரியவர்கள் பேசாத இடைவெளியைக் கவனித்து அதில் நுழைந்துகொள்ளும்.

சிறு படகு என்னென்ன சொல்கிறது? 9 இலக்க அடையாள எண், படகின் பெயர், வானொலி அழைப்புக்குறி, நீள அகலம், பாய்மரப் படகா உல்லாசப் படகா என்ற வகை, இருக்கும் இடம், திசை, வேகம். 9 இலக்க எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்: 419 என்றால் இந்தியா, 417 என்றால் இலங்கை. பெரிய கப்பல்கள் சொல்லும் 'சேருமிடம்' மட்டும் சிறு படகின் செய்தியில் இல்லை. உரிமையாளர் பெயரும் இல்லை. ஆனால் படகின் பெயர் தெரிந்தவர்களுக்கு உரிமையாளரைக் கண்டுபிடிப்பது கடினமா என்ன!

இந்தச் செய்திகள் எவ்விதச் சங்கேதமும் இன்றித் திறந்த வெளியில் செல்கின்றன. அருகில் இருக்கும் எந்தக் கப்பலும் உடனே படிக்க வேண்டும் என்பதால் அப்படி அமைக்கப்பட்டது. அனுப்பியவர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்கவும் அதில் வழியில்லை. போலிச் செய்தியால் இல்லாத கப்பலைத் திரையில் உருவாக்க முடியும் என்று 2013-இல் ஆய்வாளர்கள் செய்துகாட்டினர்.

கரையிலிருந்து எட்டிப்பார்த்தவர்கள்

அருகில் வரும் கப்பலுக்குச் சொன்ன செய்தியை ஊரே கேட்கும் என்பதை வடிவமைத்தவர்கள் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. கட்டாயம் நடைமுறைக்கு வந்த அதே 2004 டிசம்பரில், சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பாதுகாப்புக் குழு ஏ.ஐ.எஸ். தகவலை இணையத்தில் இலவசமாக வெளியிடுவதைக் கண்டித்தது. அது கப்பல்களின் பாதுகாப்புக்கே ஊறு செய்யக்கூடும் என்றது. கண்டனத்தால் எதுவும் நிற்கவில்லை. கரையில் ஓர் ஆன்டெனாவும் கணினியும் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கிரேக்கத்தின் ஏஜியன் பல்கலைக்கழகத்தில் கல்வித் திட்டமாகத் தொடங்கிய 'மரைன் டிராஃபிக்' 2007 முதல் உலக வரைபடத்தில் கப்பல்களை எல்லாருக்கும் காட்டத் தொடங்கியது. உலகெங்கும் ஆர்வலர்கள் தங்கள் வீட்டு மாடியில் ஆன்டெனா வைத்துத் தகவல் கொடுத்தனர். அடுத்த சில ஆண்டுகளில் செயற்கைக்கோள்களும் இந்த ஒலியைக் கேட்கத் தொடங்கியதால், நடுக்கடலும் மறைவிடம் இல்லை என்றாயிற்று.

பெரிய கப்பல் ஒரு நிறுவனத்தின் சொத்து. அது எங்கே இருக்கிறது என்பது வணிகத் தகவல். சிறு பயணப் படகோ ஒரு குடும்பத்தின் வீடு. அது எங்கே நங்கூரமிட்டிருக்கிறது, எத்தனை நாளாக நகரவில்லை, ஊரில் உள்ள வீடு பூட்டிக் கிடக்கிறதா என்பதெல்லாம் வரைபடத்தைப் பார்ப்பவர் ஊகித்துவிடலாம். மறுபக்கம், ஊரில் இருக்கும் மகளோ தாயோ ஒவ்வொரு நாளும் அந்தப் புள்ளியைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். கரையோர ஆன்டெனாவின் எல்லையைப் படகு தாண்டியதும் புள்ளி மறைந்துவிடும். உடனே பதற்றம் தொடங்கும். சுஹைலியின் குடும்பம் நான்கு மாதம் பொறுத்தது. இன்று ஒரு நாள் மௌனமே மீட்புத் துறைக்குத் தொலைபேசி அடிக்க வைக்கிறது. மறைவு மட்டுமல்ல, மௌனத்தைத் தாங்கும் பழக்கமும் போய்விட்டது.

இதற்குப் படகுக்காரர்கள் கண்ட வழிகள் பல. சிலர் கேட்கும் கருவியை மட்டும் வைத்துக்கொண்டு, தம்மைப் பற்றி எதுவும் அனுப்புவதில்லை. இது பாதிப் பாதுகாப்புதான்: கப்பலைப் படகு காணும், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் கப்பல் அதிகாரி படகைக் காணமாட்டார். பல பி வகுப்புக் கருவிகளில் ஒலிபரப்பை மட்டும் நிறுத்திக் கேட்பதைத் தொடரும் 'மௌன' விசை உண்டு. நெரிசலான கப்பல் பாதையில் திறந்துவைத்து, துறைமுகத்தில் நிறுத்தியபின் மூடிவிடுவது இதில் நியாயமான வழக்கம். மீண்டும் கிளம்பும்போது திறக்க மறப்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

தவறிக் கடலில் விழுபவரின் சட்டையில் பொருத்தும் சிறு கருவிகளும் ஏ.ஐ.எஸ். அலையையே பயன்படுத்துகின்றன. அவற்றின் எண் 972 என்று தொடங்கும். அதில் பெயரும் இல்லை, நாடும் இல்லை. நீரில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது மட்டுமே செய்தி. தேவையானதை மட்டும் சொல்லும் இந்த அடக்கத்தை மற்றக் கருவிகளிலும் கொண்டுவந்திருக்கலாம்.

கடற்கொள்ளையர் காலம்

தனியுரிமை என்பது கூச்சம் தொடர்பான விஷயம் மட்டுமல்ல என்பதை இந்தியப் பெருங்கடல் காட்டியது. 2009 அக்டோபரில் பால் சாண்ட்லர், ரேச்சல் சாண்ட்லர் என்ற பிரிட்டிஷ் தம்பதியர் 'லின் ரைவல்' என்ற படகில் செய்செல்ஸ் தீவுகளிலிருந்து டான்சானியா நோக்கிக் கிளம்பினர். சோமாலியக் கொள்ளையர் அவர்களைப் பிடித்துச் சென்றனர். அவர்களது அபாயக் கருவி ஒலித்தது. ஆனால் அந்த ஒலி இடத்தைச் சொல்லுமே தவிர, படகு மூழ்குகிறதா ஆயுதம் ஏந்தியவர்கள் ஏறிவிட்டார்களா என்பதைச் சொல்லாது. 388 நாள் சிறையிருப்புக்குப் பிறகு 2010 நவம்பரில்தான் அவர்கள் விடுதலையாயினர்.

கொள்ளையர் ஏ.ஐ.எஸ். கேட்டு இரை தேடுவார்களோ என்ற அச்சம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. தொடர்ந்து ஒலிபரப்பினால் ஆபத்து என்று கப்பல் தலைவர் கருதினால் ஏ.ஐ.எஸ்.-ஐ நிறுத்தலாம் என்றும், காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் 2001-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஏற்கெனவே கூறியிருந்தது. சிறு படகுக்காரர்களின் சங்கடம் இதில் இரட்டிப்பு. நிறுத்தினால் கொள்ளையருக்குத் தெரியாது; காக்க வரும் போர்க்கப்பலுக்கும் தெரியாது.

இந்தியக் கடலில்

இந்தியாவில் இக்கேள்விக்கு அரசின் பாதுகாப்பு என்ற இன்னொரு கோணம் உண்டு. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றிக் கடல் வழியே வந்தவர்கள். அவர்களிடம் செயற்கைக்கோள் தொலைபேசி இருந்தது. இந்தியாவில் துரையா, இரிடியம் வகைத் தொலைபேசிகளை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். உலகின் பிற பகுதிகளில் உயிர்காக்கும் கருவியாகச் சிபாரிசு செய்யப்படும் ஒன்று, இங்கே விமான நிலையத்திலோ துறைமுகத்திலோ கைதுக்குக் காரணமாகிறது. இந்தியத் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுப் படகுக்காரர்கள் இதை அறிந்துகொண்டு வருவது நல்லது.

2018-இல் பழைய 'கோல்டன் குளோப்' போட்டியை அதே பழைய முறையில் மீண்டும் நடத்தினர். இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, கோவாவில் சுஹைலியின் அச்சாகக் கட்டப்பட்ட 'துரியா'வில் சென்றார். போட்டியாளர்கள் ஜி.பி.எஸ். பார்க்கக் கூடாது, சூரியனையும் விண்மீன்களையும் வைத்தே வழி காண வேண்டும். ஆனால் ஒவ்வொரு படகிலும் ஒரு கண்காணிப்புக் கருவி இருந்தது. படகின் இடத்தை அது கரைக்கு அனுப்பும், மாலுமிக்குக் காட்டாது. தாம் எங்கே இருக்கிறோம் என்பதைத் துல்லியமாக அறியாதவர் அவர் ஒருவர்தான். இணையத்தில் பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து சுமார் 1,900 கடல் மைல் தொலைவில், புயலில் துரியா உருண்டு பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பு அடிபட்டு அவரால் எழ முடியவில்லை. செயற்கைக்கோள் வழியே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். அபாயக் கருவியையும் இயக்கினார். இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் மொரீஷியஸிலிருந்து பறந்து படகைக் கண்டது. செப்டம்பர் 24 அன்று 'ஓசிரிஸ்' என்ற பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் அவரை மீட்டது.

தமிழகக் கரைக்கு இதில் தொடர்பு இருப்பது மீனவர் வழியாகத்தான். 2017 ஒக்கி புயலில் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் ஆழ்கடலில் எச்சரிக்கை எட்டாமல் மாண்டபின், படகுகளில் தொடர்புக் கருவி வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்ட மத்திய அரசின் திட்டம் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்துவதை நோக்கமாகக் கொண்டது. இதன் தகவல் ஏ.ஐ.எஸ். போலத் திறந்தவெளியில் பரவுவதில்லை; அரசின் கண்காணிப்பு மையத்துக்குச் செல்கிறது. எல்லைக்கோட்டை நெருங்கினால் எச்சரிக்கவும் செய்யும். பாக் நீரிணையில் தொழில் செய்பவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு முன்பு, 2010 முதல் இஸ்ரோ உருவாக்கிய அபாய எச்சரிக்கைக் கருவியை ஆயிரக்கணக்கான மீனவர்கள் பயன்படுத்தினர். அது ஒருவழிக் கருவி. பொத்தானை அழுத்தியவருக்குத் தம் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்துவிட்டது என்ற பதில் கரையிலிருந்து படகுக்குத் திரும்பி வருகிறது.